ரெங்கம்மா என்ற சொல்

13 அக்டோபர் 1918, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில் பதுளைக் கடைத்தெருவில் லத்தீப் கடையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் கடைக்காரர் முதல் கழுதைக்காரன் வரை எல்லோரும் எனக்கு இன்னும் மாணவர்களே. எதைக் கேட்டாலும் ஒரு உதாரணத்தோடுதான் பதில் சொல்கிறேனாம், என் மனைவி நேசராணியின் குற்றச்சாட்டு.

வழக்கம்போல மூணுபாறைத் தேயிலைத் தோட்டத்து ரெங்கம்மாவும் அவள் புருஷன் மொக்கையனும் கடை வாசலில் அவரைக்காய் பரப்பியிருந்தார்கள். மலையிலிருந்து இரண்டு மூட்டையையும் அவனேதான் சுமந்து வருவது. அவள் கையை வீசிக்கொண்டு பின்னால் வருவாள்.

"இவ ஒண்டியா ஒரு சொம்புத் தண்ணி தூக்க மாட்டா, வாத்தியாரய்யா" என்றான்.

"பின்ன? கட்டிக்கிட்டது எதுக்காம்?" என்றாள் அவள், அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லத்தீப் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. "மாஸ்டர், இந்த ஒண்டி, தனி, ஒத்தை எல்லாம் ஒன்டுதானா?" என்று கேட்டார். என்னை, இந்த யேசுரத்தினம் மாஸ்டரை, பேச வைப்பதென்றால் அவருக்கு ஒரு விளையாட்டு.

ஒன்றல்ல என்றேன். நான் சாப்பிட்ட பிறகு நேசராணி அடுப்படியில் சாப்பிடுகிறாள், அது தனி. அவளைக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நான் இருக்கிறேன். கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லாத இடத்தில் சாப்பிட்டால் அது ஒண்டி. இன்னும் பெரிய வேடிக்கை, மழைக்குச் சுவரோரம் ஒட்டி நிற்பதையும் ஒண்டுவது என்கிறோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா? தெரியாது. ஆளில்லாதவன்தானே சுவரைத் தேடுவான் என்று சொல்லிவைத்தேன். அவருக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான் முழு நிச்சயம் இல்லை.

20 அக்டோபர், ஞாயிறு

விஷக் காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களை அடைத்துவிட்டார்கள். இன்று ஆராதனைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வாயில் துணி கட்டியிருந்தார்கள். தோட்டங்களில் இன்னும் மோசம் என்கிறார்கள். லயத்துக்கு லயம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இருமல் சுவரையா கேட்கும்? மூணுபாறையில் வாசலில் ஆள் நிறுத்தி யாரையும் வெளியே விடுவதில்லையாம்.

ரெங்கம்மாவும் மொக்கையனும் வரவில்லை.

27 அக்டோபர், ஞாயிறு

இன்றும் வரவில்லை.

3 நவம்பர், ஞாயிறு

எழுதினால் மனம் அடங்கும்.

மதியம் ரெங்கம்மா வந்தாள். கடைக்கு அல்ல, வீட்டுக்கு. அவரைக்காய் இல்லை. மொக்கையன் இல்லை. வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. அவள் நெற்றியில் குறுக்காக ஒரு காயம், கயிறு அறுத்த தடம். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் விழும் இடத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு காய்ப்பு இருக்கும். இது காய்ப்பல்ல, தோல் உரிந்திருந்தது.

நேசராணி பதறிப்போய், "மொக்கையன் எங்கடி?" என்றாள்.

"போயிட்டாருங்க."

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். போன மாதம் இருபத்திரண்டாம் தேதி விடியும்போது அவன் இறந்திருக்கிறான். சாவு விழுந்தால் மத்தியானத்துக்குள் புதைத்துவிட வேண்டும் என்று துரையின் உத்தரவு. கங்காணி படுக்கையில். லயத்தில் எழுந்து நிற்கக் கூடியவர்களை எண்ண ஒரு கை போதும், அவர்களும் கதவைத் திறக்கப் பயந்தார்கள். இவள் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறாள். கடைசியாக மொக்கையனின் சொந்தத் தம்பி ஆண்டிச்சாமியின் கதவு.

"உள்ளுக்க இருமுற சத்தம் கேட்டுச்சும்மா. தம்பி, தம்பின்னு கூப்புட்டேன். இருமல் நின்னுபோச்சு. கதவு தொறக்கல."

"அப்புறம்?"

"அவரு கம்பளியிலேயே அவரைச் சுத்தினேன். கூடைக் கயித்தைப் போட்டுக் கட்டுனேன். குந்தி உக்காந்து முதுகுல சாச்சு, கயித்தை நெத்தியில மாட்டி, முட்டியில நின்னு எந்திரிச்சேன். கொழுந்துக் கூடைய அப்படித்தானே எந்திரிப்போம்."

மயானத்துக்குக் கொண்டு போய் மம்பட்டியால் குழியும் அவளே வெட்டியிருக்கிறாள்.

"ரொம்ப ஆழம் போக முடியலீங்க. மேல கல்லு வச்சேன். நரி தோண்டாது."

எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்றேன். என்ன புத்தி! அவள் என்னைப் பார்த்தாள். "யாரைங்கய்யா அனுப்புறது?"

அவர்கள் வழக்கத்தில் பிணம் நாலு தோளில் போக வேண்டும். பெண்கள் லயத்து முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும், மயானத்து மண்ணை மிதிக்கக் கூடாது. இப்போது காய்ச்சல் தணிந்து, எழுந்து நடக்க ஆரம்பித்ததும் லயம் முழுக்க இவள்மேல் பாய்கிறது. தண்ணீர்ப் பீலியில் இவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்காக அவள் அழவில்லை. வரும் புதன்கிழமை பதினாறாம் நாள். ஆண்டிச்சாமி எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கருமாதி செய்ய வேண்டும், உறவுப் பெண்கள் சேர்ந்து இவள் தாலியை இறக்க வேண்டும். இரண்டுக்கும் மாட்டோம் என்கிறார்கள். கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இது கெடக்குற வரைக்கும் அவரு போகவும் மாட்டாரு, இருக்கவும் மாட்டாரு. நான் என்னான்னு இருக்குறது? நீங்க சொன்னா அவரு தம்பி கேப்பாருங்கய்யா."

சொல்கிறேன் என்றேன்.

4 நவம்பர்

லத்தீப்பிடம் சொன்னேன். எடுத்த சீனிப் பொட்டலத்தைக் கட்டாமலே கையில் வைத்திருந்தார்.

"மாஸ்டர், எங்கட ஆக்கள்ள ஒரு மௌத்து விழுந்தா, குளிப்பாட்டி அடக்குறது முழு ஊருக்கும் கடமை. யாராச்சும் செஞ்சி முடிச்சாப் போதும், மத்த எல்லார்ட தலையிலயும் இருந்து எறங்கிடும். ஒத்தருமே செய்யாட்டி முழு ஊரும் குத்தவாளி. அந்தப் புள்ள அவங்க எல்லார்ட பாரத்தையும் எறக்கி வெச்சிருக்கு. அவங்கதான் அதுக்குக் கைமாறு செய்யோணும்."

என் உதாரணங்கள் எல்லாவற்றையும்விட நல்ல நியாயம் இது. நாளை மலைக்குப் போகிறேன். இதையே ஆண்டிச்சாமியிடம் சொல்வேன். கேட்பான். கேட்காமல் எப்படி இருப்பான்?

5 நவம்பர்

கேட்கவில்லை.

லத்தீப் ஏற்பாடு செய்த வண்டியில் மலையடி வரை போய், மேலே நடந்தேன். நமுனுகுல மலை உச்சி தெரியவே இல்லை, ஒரே மூட்டம். மயானத்தைக் கடந்துதான் லயத்துக்குப் போக வேண்டும். புது மண்மேடுகள் வரிசையாக. ஒன்றின்மேல் மட்டும் கல் அடுக்கியிருந்தது. பொறுமையாக, இடைவெளி விடாமல், பாத்திக்கு வரப்புக் கட்டியது போல. நின்று பார்த்தேன்.

ஆண்டிச்சாமி இளைத்துப் போயிருந்தான். காய்ச்சல் அவனையும் பாதி தின்றிருக்கிறது. மூன்று வயதுப் பெண் குழந்தை பேச்சி அவன் முதுகில் தொங்கிக்கொண்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் பகை ஒன்றும் இல்லை. "வாங்கய்யா" என்று சாக்கை விரித்து உட்கார வைத்தான்.

எல்லாம் சொன்னேன். ஒரு வீடு எரிகிறது, எல்லோரும் மயங்கிக் கிடக்கிறார்கள், ஒருத்தி மட்டும் தண்ணீர் ஊற்றி அணைக்கிறாள். விழித்தவர்கள் அவளைப் பார்த்து, எங்களைக் கேட்காமல் ஏன் அணைத்தாய் என்பார்களா? லத்தீப் சொன்ன நியாயத்தையும் சொன்னேன். சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டக்கூடச் செய்தார்கள்.

ஆண்டிச்சாமி தலையை ஆட்டவில்லை. "நீங்க படிச்சவுங்க. நல்லாத்தான் சொல்றீங்க. கொழுந்து மூட்டை கணக்கா முதுகுல கட்டிக் கொண்டுபோயிருக்கா எங்கண்ணனை. நாலு பேரு தோளு குடுக்கல. எங்க பரம்பரையிலேயே யாருக்கும் இப்படி நடந்ததில்ல. நான் எந்த மொகத்தோட எள்ளுத் தண்ணி எறைக்க?"

"தோள் கொடுக்க யார் வந்தார்கள், ஆண்டிச்சாமி?"

கேட்டிருக்கக் கூடாது. அவன் முகம் அடைத்துக்கொண்டது. குழந்தையின் கையைக் கழுத்திலிருந்து பிரித்தான்.

"ஒரு நா பொறுத்திருக்கலாம்ல? ஒரே ஒரு நா. எங்களுக்குத் தெம்பு வந்திருக்கும்ல? அவளுக்கு என்னா அவசரம்?"

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எள்ளுத் தண்ணீர் இறைத்தால் அண்ணன் பிணத்துக்கு ரெங்கம்மாதான் தோள் கொடுத்தாள் என்று அவன் ஒப்புக்கொண்டதாகும். ஒப்புக்கொண்டால் அந்த இருமலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் மட்டுமா? லயத்தில் தட்டப்பட்ட ஒவ்வொரு கதவும்.

இறங்கும் வழியில் ரெங்கம்மாவைத் தேயிலை நிறுக்கும் இடத்தில் பார்த்தேன். கூடை நிறைந்தால் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மூன்றாமவளின் முதுகில் ஏற்றுவார்கள். இவளுக்கு யாரும் பிடிக்கவில்லை. குந்தினாள், கயிற்றை மாட்டினாள், முட்டியில் நின்று எழுந்தாள்.

நான் சைகையால் இல்லை என்றேன். அவள் புரிந்துகொண்டு போய்விட்டாள். நாற்பது வருஷம் பேசிப் பிழைத்தவன் கையை ஆட்டிவிட்டு வந்தேன்! என்ன மனுஷங்கடா இவங்க? நாங்களெல்லாம் என்ன மனுஷங்க?

6 நவம்பர், புதன்

பதினாறாம் நாள். காலையிலேயே ரெங்கம்மா ஆற்றுக்கு வந்திருப்பதாக லத்தீப் சொல்லியனுப்பினார். நானும் நேசராணியும் போனோம். பதுளு ஓயா கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மேலே நல்ல மழை போலிருக்கிறது.

நேசராணி அவளருகில் போய், "வா, நான் கழட்டி விடுறேன். எங்க சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

"வேணாம்மா. நீங்க புருஷனோட வாழுறவுங்க. ஒங்களுக்கு ஆகாது."

"எனக்கு ஆவறது ஆவட்டும்டி."

"எனக்கு வேணாம்மா" என்றாள். இந்த முறை குரல் வேறு. நேசராணி பின்வாங்கினாள்.

இலை விரித்து, சோறு வைத்து, எள்ளை அவளே இறைத்தாள். ஆணின் கை இறைக்க வேண்டிய எள். லத்தீப் கொடுத்த பாலைச் சிரட்டையில் ஊற்றி வைத்தாள். பிறகு தாலி. ஈரத்தில் மஞ்சள் கயிற்றின் முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கழுத்துக்குப் பின்னால் கையை வளைத்து வெகுநேரம் போராடினாள். பிறகு கயிற்றை முன்னால் இழுத்து முடிச்சைப் பல்லால் கடித்தாள். அந்தச் சமயத்தில் நேசராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கும்படி.

தாலியைப் பாலில் போட்டு, சிரட்டையோடு ஆற்றில் விட்டாள். "போங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள். எங்களிடம் அல்ல.

எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒருத்திகூட எழுந்து வரவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

நேசராணிக்கு இருமல். சாதாரண இருமல்தான்.

17 நவம்பர், ஞாயிறு

நேசராணி தேறிவிட்டாள். ரெங்கம்மா அவரைக்காய் கொண்டுவந்தாள், அரை மூட்டை. சுமக்கத் தெரியாதவள் இன்னும் சுமக்கப் பழகுகிறாள் என்று லத்தீப் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

12 ஜனவரி 1919, ஞாயிறு

இன்று ஒன்று கேட்டேன். எழுதிவைக்காவிட்டால் தூக்கம் வராது.

ரெங்கம்மாவே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்தது போல, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது ஒரு சின்னப் பெண் அவசரத்தில் தன் கூடையைத் தானே தூக்கி மாட்டிக்கொண்டாளாம். பக்கத்தில் நின்றவள் கேட்டிருக்கிறாள், "என்னாடி, ரெங்கம்மாவா தூக்குற?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு இவள் நிற்பதைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி சிரித்தார்கள்.

"இப்ப அதுதாங்க பேச்சு. ஒருத்தன் ஒண்டியா வெறகு வெட்டுனா ரெங்கம்மாவா வெட்டுறான். ஒருத்தி ஒண்டியா சோறு தின்னா ரெங்கம்மாவா திங்குறா. சின்னப் புள்ளைகளுக்குக் கோவம் வந்தா, போடி ஒங்கூட வெளையாட மாட்டேன், நான் ரெங்கம்மாவா வெளையாடுவேன்னு சொல்லுதுக."

சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காகம் கத்துவதைக் கேட்டுப் பாருங்கள், அதன் பெயர் அதிலேயே இருக்கிறது என்பேன். மேசையைக் காட்டுவேன், கப்பலேறி வந்த சொல் என்பேன். ஒரு சொல் பிறப்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஊற்றுக்கண்ணை யாரும் பார்ப்பதில்லை, ஆற்றைத்தான் பார்க்கிறோம். இப்போது பார்த்துவிட்டேன். அது என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, நெற்றித் தழும்போடு, நேசராணி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் விளங்குகிறது. ஒரு ஆள் ஒண்டியாகச் சொல்லை உண்டாக்க முடியாது. ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரிக்க, மூன்றாமவன் வீட்டுக்குக் கொண்டுபோக, அதற்கு ஊரே வேண்டும். ஒரு பிணத்துக்குச் சேராத ஊர் ஒரு சொல்லுக்குச் சேர்ந்துவிட்டது.

2 பிப்ரவரி 1919, ஞாயிறு

ரெங்கம்மா போய்விட்டாள். கங்காணியிடம் கேட்டுத் தோட்டத்திலிருந்து துண்டு வாங்கிக்கொண்டாள். விடுவித்தாயிற்று என்ற அந்தத் துண்டு இல்லாமல் எந்த ஆளும் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. பண்டாரவளைக்கு நடந்து, அங்கே ரயிலேறி, அப்படியே கடல் தாண்டி மதுரைச் சீமைக்கு. லத்தீப்பின் சாமான் வண்டி நாளை பண்டாரவளைக்குப் போகிறது, அதில் போகலாம் என்றார். வேண்டாம், நடந்துவிடுவேன் என்றாள்.

நேசராணி தன் புடவை ஒன்றைக் கொடுத்தாள், வெளிர் நீலம். வாங்கிக்கொண்டாள். "ஊருல யாருடி இருக்கா ஒனக்கு?"

"யாரும் இல்லீங்கம்மா. இங்கதான் எல்லாரும் இருக்காங்க. அதான் போறேன்."

தெருமுனை வரை பார்த்துக்கொண்டே இருந்தோம். மூட்டை பெரிதில்லை. கயிற்றை நெற்றியில் மாட்டியிருந்தாள், பழக்கம்.

20 ஏப்ரல் 1919

ஈஸ்டர் ஞாயிறு. ரெங்கம்மாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. எப்படி வரும்? அவளுக்கு எழுதத் தெரியாது. எழுதித் தர அங்கே யார்?

8 மார்ச் 1922

நேசராணியை நேற்று அடக்கம் செய்தோம்.

பெட்டியைத் தூக்க ஆறுபேர் போதும். ஆனால் வந்தவர்கள் போட்டி போட்டார்கள். பழைய மாணவர்கள், சபையார், லத்தீப்பும் அவர் மச்சான் ஸரூக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். "எனக்குக் கொஞ்சம் குடு, எனக்குக் கொஞ்சம்" என்று பெட்டிக் கம்புகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்தார்கள். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். எனக்குச் சுமக்க ஒரு இடம்கூட மிஞ்சவில்லை.

அப்போது அவளை நினைத்தேன். நேசராணியை அல்ல. மன்னித்துக்கொள், நேசராணி.

6 ஜூலை 1924, ஞாயிறு

பதுளைக்கு ரயில் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷன் வாசல்தான் சந்தை. லத்தீப்கூட அங்கே ஒரு பெட்டிக்கடை போட்டிருக்கிறார். காய்கறிக்காக ஆராதனைக்குப் பின் அங்கே போனேன். இப்போது சமையல் என்னுடையதுதான். வாரத்தில் நாலுநாள் தீய்கிறது.

ஒரு பெண் பிள்ளை, எட்டு ஒன்பது வயது இருக்கும், தன்னைவிடப் பெரிய அவரைக்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து தொப்பென்று போட்டாள். வியர்வை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"இவ்வளவு பாரத்தையும் நீயா தூக்கிக்கொண்டு வந்தாய்?"

"ஆமாங்க தாத்தா. தோட்டத்து வாசல்லேந்து இம்புட்டுத் தூரம். ரெங்கம்மாவாத் தூக்கிட்டு வந்தேன்!"

பெருமையாகச் சொன்னாள். ஏளனம் இல்லை. எத்தனை வருஷமாயிற்று, அந்தச் சொல்லிலிருந்து ஏளனம் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டிருக்கிறது.

"ரெங்கம்மா யாரம்மா?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "யாருமில்லீங்க. ஆளு இல்ல. அப்படிச் சொல்றதுதான். யாரும் ஒத்தாசைக்கு இல்லாமச் செஞ்சா, ரெங்கம்மாவாச் செய்யுறது."

"எந்தத் தோட்டம்?"

"மூணுபாறைங்க."

"பெயர்?"

"பேச்சி."

அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். நன்றாக நினைவிருக்கிறது, ஒருவனுடைய முதுகும், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்னக் கைகளும்.

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல இதைச் சொன்னா எங்கப்பா அடிக்கும். மத்த எதுக்கும் கை நீட்டாது, இதுக்கு மட்டும். ஏன்னு தெரியாதுங்க. கெட்ட வார்த்தையாங்க தாத்தா?"

நாற்பது வருஷம் வாத்தியார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு ஒரு பிள்ளை முன்னால் நிற்கிறது. அதன் வேர் தெரிந்தவன் பதுளை ஸ்டேஷன் வாசலில் நான் ஒருத்தன்தான். இவளுடைய பெரியம்மா அது என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்தக் கதவையும் சொல்ல வேண்டும். தகப்பனின் முதுகில் இவள் இன்னும் தொங்கட்டும்.

"கெட்ட வார்த்தை இல்லையம்மா" என்றேன். "மிக நல்ல வார்த்தை. அப்பா எதிரில் மட்டும் சொல்லாதே. அவருக்கு வலிக்கும்."

"வார்த்தை வலிக்குமாங்க?" என்று சிரித்துக்கொண்டே மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

7 ஜூலை

காலையில் கஞ்சி வைத்தேன். தீயவில்லை. லத்தீப் நலம் விசாரிக்க வந்தவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஈக்கிதே மாஸ்டர், ஆர் வெச்சித் தந்த?" என்றார்.

"ரெங்கம்மாவா வெச்சேன்" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தார்.